உரிமம் பெற்ற இருள்: 'இரவுக் காவல்' புதினமும் அயல்நாட்டாருக்கான அதன் திரைவடிவமும் – தாயில்பட்டி வட்டாரப் பின்புலத்தில் ஒரு வாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

ரஷ்ய எழுத்தாளர் செர்கேய் லுக்யானென்கோ 1998இல் வெளியிட்ட 'இரவுக் காவல்' எனும் மிகுபுனைவுப் புதினம், 2004இல் திமூர் பெக்மம்பெத்தோவ் இயக்கத்தில் திரைப்படமானது. பின்னர் அயல்நாட்டுப் பார்வையாளருக்கென அப்படம் தனிப்படியாகத் திருத்தி அமைக்கப்பட்டது. ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான போரே இப்புதினத்தின் மையம் எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அனுமதிக்கப்பட்ட தீங்கை அளந்து பதிவுசெய்யும் உரிம முறையே அதன் மையம் என்பதும், திரைவடிவம் அயலாரை நோக்கிச் செல்லச் செல்ல மறைவது அம்மையமே என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி எனும் பகுப்பு ஆய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. வெடிபொருள் உரிமத்தின் கீழ் அன்றாட உழைப்பு நடைபெறும் விருதுநகர் மாவட்டத் தாயில்பட்டி வட்டாரம் வாசிப்புக் களமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: ரஷ்ய மிகுபுனைவு, திரைத் தழுவல், துணையுரை, உரிமம், முப்பொருள், பட்டாசுத் தொழில்

1. முன்னுரை

தமிழ் வாசகர்க்கு ரஷ்ய இலக்கியம் புதிதன்று. சோவியத் காலத்தில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் ரஷ்யப் படைப்புகளைத் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பின. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் அவற்றைத் தமிழகத்தின் சிற்றூர்கள் வரை கொண்டு சேர்த்தது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் முதலிய மொழிபெயர்ப்பாளர்கள் மாஸ்கோவில் தங்கி இப்பணியை ஆற்றினர். இடையில் மூன்றாம் நாட்டுச் சந்தை எதுவும் குறுக்கிடாத பாதை அது.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது அப்பாதை அறுபட்டது. அதன்பின் எழுந்த ரஷ்ய எழுத்து, குறிப்பாக மிகுபுனைவு எழுத்து, ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவும் அமெரிக்கத் திரைப்பட விநியோகத்தின் வழியாகவுமே உலகின் பிற பகுதிகளை அடைந்தது. ஆகவே ஒரு ரஷ்யக் கதை தமிழ்ப் பார்வையாளரிடம் வந்து சேரும்போது, 'அயல்நாட்டார்' எனும் பொதுப்பெயரில் வேறு யாரையோ மனத்திற்கொண்டு திருத்தப்பட்ட வடிவிலேயே வருகிறது. இத்திருத்தத்தில் எது நீக்கப்படுகிறது, எது சேர்க்கப்படுகிறது என்பது ஆராயத்தக்கது.

இவ்வினாவைத் தாயில்பட்டி எனும் ஊரை முன்வைத்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி ஆகியவற்றை உள்ளடக்கிய பட்டாசுத் தொழில் வட்டாரத்தில் அமைந்த இவ்வூரில், 'உரிமம்' என்பது அரசு அலுவலகச் சொல்லாக மட்டும் வழங்குவதில்லை. ஆலையைக் குறிப்பிடும்போதே 'நாக்பூர் உரிமம் பெற்றது', 'மாவட்ட உரிமம் பெற்றது' எனப் பிரித்துக் கூறுவது இப்பகுதியின் பேச்சு வழக்கு. தீங்கு விளைவிக்கக்கூடிய பொருளை அளவிட்டு, எல்லை வகுத்து, கண்காணித்துப் பயன்படுத்தும் ஒழுங்கினுள் வாழ்வோர் இவ்வட்டார மக்கள். அவ்வொழுங்கையே கதைப்பொருளாகக் கொண்ட புதினம் 'இரவுக் காவல்' என்பதால், இவ்வாசிப்புக் களம் பொருத்தமுடையதாகிறது.

2. முன்னோடி நிகழ்வுகள்

ரஷ்ய மாயக்கதைப் படங்கள் அயல்நாட்டாருக்கெனத் திருத்தப்படுவது 'இரவுக் காவல்' படத்தில் தொடங்கியதன்று. அலெக்சாந்தர் பத்துஷ்கோ இயக்கிய 'சத்கோ' 1953இல் வெளிவந்து வெனிஸ் திரைப்பட விழாவில் வெள்ளிச் சிங்க விருது பெற்றது. நோவ்கொரத் நகரத்து நாட்டார் பாடல் தலைவனான சத்கோ, மகிழ்ச்சிப் பறவையைத் தேடிக் கடல் கடந்து இந்தியா வரை வருவதாக அப்படம் அமைந்தது. 1962இல் அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மனின் நிறுவனம் இதனைத் திருத்தி வெளியிட்டபோது, சத்கோ சிந்துபாத் ஆனான். நோவ்கொரத் 'கோபாசாண்ட்' எனும் கற்பனை நகரமாயிற்று. இத்திருத்தப்பணியில் அப்போது இளைஞராயிருந்த பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா பங்கேற்றார். பனிப்போர்க் காலத்தில் படத்தின் சோவியத் பிறப்பை மறைப்பது விற்பனைக்குத் தேவையாயிருந்தது. பாவெல் குளுஷந்த்செவ் இயக்கிய 'புயல்களின் கோள்' (1962) எனும் அறிபுனைவுப் படமும் இதே நிறுவனத்தின் வழியாக வெட்டி ஒட்டப்பட்டு, வேறு பெயர்களில் இருமுறை அமெரிக்கத் திரைக்கு வந்தது.

கோகோலின் 'வீய்' (1835) மற்றொரு சான்று. 1967இல் சோவியத் திரைவடிவம் பெற்ற இக்கதையில், சமயப் பள்ளி மாணவன் ஹொமா புரூத் மூன்று இரவுகள் பிணத்தின் அருகே இருந்து வழிபாட்டுப் பாடல்களை ஓத நேர்கிறது. ஒலெக் ஸ்தெப்சென்கோ 2014இல் வெளியிட்ட வடிவத்தில் ஜோனதன் கிரீன் எனும் ஆங்கில நிலவரைபட வல்லுநன் கதைத்தலைவனாக நுழைக்கப்பட்டான். அதன் தொடர்ச்சியாக 2019இல் வந்த படம் சீனச் சந்தையை நோக்கித் திரும்பி, ஜாக்கி சானையும் அர்னால்டு சுவார்ஸ்நேக்கரையும் சேர்த்துக்கொண்டது.

இச்சான்றுகள் இரு வழிமுறைகளைக் காட்டுகின்றன. முதலாவது, கதை நிகழும் ஊரின் பெயரை அழித்தல். இரண்டாவது, அயல்நாட்டுப் பார்வையாளரின் சார்பாளராக ஒருவரைக் கதைக்குள் அமர்த்துதல். 'இரவுக் காவல்' படம் இவ்விரண்டையும் செய்யவில்லை. மாஸ்கோ மாஸ்கோவாகவே நிற்கிறது. கதைமாந்தர் ரஷ்யராகவே பேசுகின்றனர். அதனால் இப்படத்தின் திருத்தம் மேலோட்டமான பார்வைக்குப் புலப்படுவதில்லை. நுணுகி நோக்க வேண்டிய தேவையும் இங்கேதான் எழுகிறது.

3. புதினத்தின் உலகம்: உடன்படிக்கையும் உரிமமும்

லுக்யானென்கோ 1968இல் கசகஸ்தானில் பிறந்தவர். மனநல மருத்துவம் பயின்றவர். அவருடைய 'இரவுக் காவல்' ஒன்றோடொன்று தொடர்புடைய மூன்று கதைகளால் ஆனது. மனிதரிடையே 'மற்றையோர்' எனப்படுவோர் வாழ்கின்றனர். அவருள் ஒளியைச் சார்ந்தோரும் இருளைச் சார்ந்தோரும் உளர். இரு தரப்பும் முற்காலத்தில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இருளோரை இரவுக் காவல் கண்காணிக்கிறது. ஒளியோரைப் பகல் காவல் கண்காணிக்கிறது. கதையைச் சொல்லும் அந்தோன் கரதேத்ஸ்கி, இரவுக் காவலில் கணிப்பொறிப் பணி செய்துவந்த நடுத்தர ஆற்றலுடைய அலுவலர்.

இவ்வுலகின் தனித்தன்மை அதன் ஆவண ஒழுங்கில் உள்ளது. குருதி உண்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும். வேட்டைக்கு உரிமம் பெற வேண்டும். உரிமத்தை வழங்குவது ஒளியின் பக்கம் நிற்கும் இரவுக் காவலே. உரிமமின்றி வேட்டையாடுவோர் குற்றவாளிகள். உரிமத்துடன் வேட்டையாடுவோர் சட்டத்தை மதிப்போர். மாய ஆற்றலால் ஒருவர் வாழ்வில் தலையிடுவதும் படிநிலைகளாக அளக்கப்படுகிறது. ஒளியோர் ஒரு நன்மையைச் செய்தால், அதே படிநிலையிலான தலையீட்டுக்கு இருளோர் உரிமை பெறுவர். எனவே நன்மை ஒவ்வொன்றும் கணக்கில் ஏறி, அதற்கு ஈடான தீமைக்கு வழி திறந்துவிடுகிறது.

அந்தோனின் அண்டை வீட்டில் கோஸ்த்யா எனும் இளைஞன் பெற்றோருடன் வாழ்கிறான். அக்குடும்பம் பதிவு பெற்ற குருதியுண்போர் குடும்பம், சட்டம் மீறாதது. அந்தோனுக்கும் கோஸ்த்யாவுக்கும் நட்பு உண்டு. உரிமம் வழங்கும் அலுவலகத்தைச் சேர்ந்தவர் ஒருவர், உரிமம் பெறுவோர் வீட்டாருடன் நட்பாயிருப்பதன் கூச்சம் இப்புதினத்தின் மிக நுண்ணிய பகுதிகளுள் ஒன்று. இங்கு அச்சம் தருவது குருதியுண்போரின் பற்களைவிட, அப்பற்களுக்கு அனுமதி வழங்கும் கையொப்பமே.

இரண்டாம் கதையில் மக்சீம் என்பவன் இருளோரைத் தேடிக் கொல்கிறான். அவனும் ஒளியைச் சார்ந்தவனே. ஆயினும் உடன்படிக்கை என ஒன்று இருப்பதை அறியாதவன். தீமையைக் கண்டால் அழிக்க வேண்டும் எனும் எளிய அறமே அவனை இயக்குகிறது. அந்த அறமே இங்குக் குற்றமாகிறது. அவனைத் தடுப்பது இரவுக் காவலின் கடமையாகிறது. நன்மைக்கும் தீமைக்கும் இடையிலான போர் மட்டுமே கதையின் பொருளாக இருந்திருப்பின், மக்சீமே அதன் தலைவனாயிருப்பான்.

மூன்றாம் கதையில் ஒளியின் தலைமை, விதிநூலைத் திருத்தி எழுதும் பெருந்திட்டம் ஒன்றை மறைமுகமாக முன்னெடுக்கிறது. மனிதகுலத்தின் நன்மைக்கெனத் தீட்டப்படும் திட்டங்களின் விலையை யார் செலுத்துகின்றனர் எனும் ஐயம் அந்தோனைத் துன்புறுத்துகிறது. இருபதாம் நூற்றாண்டு ரஷ்ய வரலாற்றைக் கடந்து வந்த வாசகர்க்கு இவ்வையத்தின் பின்புலம் சொல்லாமலே விளங்கும்.

4. திரைவடிவம்: முப்பொருள் நோக்கு

தொல்காப்பியப் பொருளதிகாரம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, தொழில் முதலியன கருப்பொருள். மாந்தரின் ஒழுக்கம் உரிப்பொருள். இப்பகுப்பை ரஷ்யத் திரைப்படத்திற்கு அப்படியே பொருத்துவது இங்கு நோக்கமன்று. ஒரு கதை இடம் பெயரும்போது அதன் எந்த அடுக்கு நிலைக்கிறது, எந்த அடுக்கு மாறுகிறது எனப் பிரித்தறிய இது துணை செய்கிறது.

பெக்மம்பெத்தோவின் படம் 2004 ஜூலையில் ரஷ்யாவில் வெளியானது. முதல் அலைவரிசைத் தொலைக்காட்சி நிறுவனத்தின் தயாரிப்பில் ஏறத்தாழ 42 இலட்சம் டாலர் செலவில் உருவான இப்படம், ரஷ்யாவில் ஏறத்தாழ 1.6 கோடி டாலர் ஈட்டியது. சோவியத் கலைவுக்குப் பின் நலிந்திருந்த ரஷ்யத் திரைத்துறைக்கு இது பெருந்திருப்பமாகும்.

புதினம் பழைய நிலத்தடித் தொடர்வண்டி நிலையம் ஒன்றின் மெதுவான நகரும் படிக்கட்டில் தொடங்குகிறது. திரைப்படமோ இடைக்காலப் பாலம் ஒன்றின்மேல் இரு படைகள் மோதும் போர்க்காட்சியுடன் தொடங்குகிறது. முதற்பொருள் இத்தொடக்கத்திலேயே இடம் மாறிவிடுகிறது. அன்றாட மாஸ்கோவின் சோர்ந்த மாலைப்பொழுது நின்ற இடத்தில், காலமும் இடமும் தெளிவற்ற தொன்மக் களம் வந்தமைகிறது.

கருப்பொருளைப் படம் செழிப்பாகவே கையாளுகிறது. சோவியத் காலத்து அடுக்குமாடிக் குடியிருப்புகள், நிலத்தடி வண்டிகள், இறைச்சிக் கடை, குழல்விளக்கின் வெளிறிய ஒளி ஆகியவை காட்சிகளை நிறைக்கின்றன. இரவுக் காவலர் பயன்படுத்தும் மஞ்சள் வண்டி மாஸ்கோவின் தெருவிளக்குத் துறை வண்டியாக வேடமிட்டுள்ளது. ஒளியின் படை தெருவிளக்குப் பராமரிப்புப் பணியாளராக வருவதில் உள்ள நகைச்சுவை, மின்வாரிய வண்டியைத் தெருவில் கண்டு பழகிய தமிழ்ப் பார்வையாளருக்கும் எளிதில் விளங்குவதே.

பெரிய மாற்றம் உரிப்பொருளில் நிகழ்கிறது. முதற்கதையில் அந்தோன் காப்பாற்றும் சிறுவன் யெகோர், புதினத்தில் அவனுக்கு எவ்வுறவும் இல்லாதவன். வேட்டையாடப்படக்கூடிய எத்தனையோ பேருள் ஒருவன். தன்னைக் காக்க வந்த ஒளியின் அலுவலகமே பிறரை வேட்டையாட உரிமம் வழங்குகிறது என்பதே இருவரிடையிலும் எழும் நெருடல். திரைப்படத்தில் யெகோர் அந்தோனின் மகனாகிறான். 1992இல் பிரிந்துபோன மனைவியை மீட்க மந்திரக்காரி ஒருத்தியை நாடி, அவள் வயிற்றிலிருக்கும் கருவை அழிக்க அந்தோன் உடன்படுகிறான்; பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் அக்குழந்தையே எதிரில் வந்து நிற்கிறது. தந்தையின் குற்றத்தை அறிந்த மகன் இருளைத் தேர்வதுடன் படம் முடிகிறது.

இம்மாற்றம் நாடகச் செறிவு உடையது என்பதை மறுக்க இயலாது. கொன்ஸ்தந்தீன் கபென்ஸ்கியின் நடிப்பு அதற்கு வலுவூட்டுகிறது. ஆயினும் இதன் விளைவைக் கருத வேண்டும். புதினத்தில் ஓர் அலுவலகத்தின் முன் நிற்கும் அறக்கேள்வி, திரையில் ஒரு தனிமனிதனின் பழைய பாவமாகச் சுருங்குகிறது. அமைப்பைப் பற்றிய ஐயம் குடும்பத் துயரமாகிவிடுகிறது. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பகை எந்நாட்டாருக்கும் விளக்கமின்றிப் புரியும். உரிமம் வழங்குவதன் அறச்சிக்கல் அவ்வாறு எளிதில் கடல் கடப்பதில்லை.

5. அயல்நாட்டுப் படி: குரலும் அசையும் எழுத்தும்

மேற்குறித்த உரிப்பொருள் மாற்றம் ரஷ்யப் படியிலேயே நிகழ்ந்துவிட்டது என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் வேண்டும். பின்னர் ஃபாக்ஸ் சர்ச்லைட் நிறுவனம் படத்தை வாங்கி, திருத்தப்பட்ட பன்னாட்டுப் படியாக வெளியிட்டது. அமெரிக்காவில் அது 2006இல் திரைக்கு வந்தது. தொடக்கப் போரை விளக்கும் குரல் ஆங்கிலத்தில் அமைந்தது. கிளைக்கதைகள் சில குறைக்கப்பட்டு ஓட்டம் விரைவுபடுத்தப்பட்டது.

இப்படியின் பெரும்புதுமை அதன் துணையுரைகள். திரையின் அடியில் அசையாது நிற்கும் வரிகளாக இல்லாமல், அவை காட்சிக்கேற்ப இடமும் நிறமும் மாறுகின்றன. நீச்சல்குளத்தில் இருக்கும் யெகோரைக் குருதியுண்ணும் பெண் மனத்தால் அழைக்கும் காட்சியில், அழைப்பின் சொற்கள் நீரில் செந்நிறமாகத் தோன்றிக் குருதிபோல் கரைகின்றன. மொழிபெயர்ப்பு என்பது படத்திற்கு வெளியே ஒட்டப்படும் சுமை எனும் எண்ணத்தை இது உடைக்கிறது. அயல்மொழிப் பார்வையாளர்க்குத் தாய்மொழிப் பார்வையாளர் பெறாத ஓர் அழகை வழங்கிய வகையில் இம்முயற்சி பாராட்டத்தக்கது.

ஆயினும் இவ்வெழுத்துகள் விளையாடும் இடங்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். அழைப்பு, அலறல், அச்சம் ஆகிய உணர்ச்சிகளை அசைவால் உணர்த்துவது எளிது. உடன்படிக்கையின் விதி, உரிமத்தின் எல்லை, தலையீட்டின் படிநிலை ஆகியவற்றை அசைவால் உணர்த்த இயலாது. அவற்றிற்கு நின்று கேட்கும் பேச்சு வேண்டும். விரைவு கூட்டப்பட்ட படத்தில் அப்பேச்சுக்கு இடமில்லை. 'உரிமம்' எனும் சொல் துணையுரையில் வந்து போனாலும், அதன் எடையைப் பார்வையாளர் உணருமுன் அடுத்த மோதல் தொடங்கிவிடுகிறது.

சொல்லளவிலும் ஒரு சிக்கல் உண்டு. மற்றையோர் மட்டும் நுழையவல்ல மறைவெளியை லுக்யானென்கோ 'சூம்ரக்' என்கிறார். பகலும் இரவும் கலந்த மங்கல் பொழுதைக் குறிக்கும் ரஷ்யச் சொல் அது. படத்தின் துணையுரையில் இதற்கு இருண்மையும் சோர்வும் கலந்த ஓர் ஆங்கிலச் சொல் இடப்பட்டது. ஆண்ட்ரூ பிரம்ஃபீல்டின் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலில் அந்திப்பொழுதைக் குறிக்கும் மற்றொரு சொல் இடம்பெற்றது. முதற்சொல் இருளின் பக்கம் சாய்கிறது. இரண்டாவது சொல் நடுநிலையில் நிற்கிறது. ஒளியோரும் இருளோரும் ஒருசேர நுழையும் வெளி அது என்பதால் பொழுதின் பெயரே பொருந்தும். தமிழில் 'அந்தி' எனலாம். கரிசல் வட்டார வழக்கில் பொழுது 'மசங்குதல்' என்பர். ஆள் முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அவ்வேளையைக் குறிக்கும் இச்சொல் மூலத்தின் பொருளுக்கு மிக அணுக்கமானது. உரைநடைப் பழக்கத்தால் 'இருள் உலகம்' என மொழிபெயர்த்தால், புதினத்தின் அறக்குழப்பம் சொல்லிலேயே தீர்ந்துபோகும்.

6. தாயில்பட்டியிலிருந்து

பட்டாசு ஆலையின் ஒவ்வோர் அறைக்கும் ஆள் வரம்பும் மருந்து வரம்பும் உண்டு. எத்தனை பேர் உள்ளே இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து வைத்திருக்கலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பன 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2008ஆம் ஆண்டு விதிகளின்படி அமைகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பும், மாவட்ட நிருவாகமும் அவரவர் எல்லைக்குட்பட்டு உரிமம் வழங்குகின்றன. வெடிக்கும் பொழுதுக்கும் வரம்பு வந்தது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23இல் வழங்கிய தீர்ப்பு, தீபாவளியன்று இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என வரையறுத்தது.

இவ்வட்டாரத்தில் வெடிப்பொருட் கலவையை 'மருந்து' என்றே வழங்குவர். மருந்து கலக்கும் அறை, மணிமருந்து என்பன தொழிலிடத்து அன்றாடச் சொற்கள். பிணி தீர்ப்பதையும் வெடித்து அழிப்பதையும் ஒரே சொல் சுட்டுகிறது. எது எதுவாகும் என்பதை அளவே தீர்மானிக்கிறது. ஒளி, இருள் எனும் பெயர்களைக் காட்டிலும் அளவையே நம்பி இயங்கும் லுக்யானென்கோவின் உலகம் இச்சொற்பழக்கம் உடையோர்க்கு அயலானதன்று.

இவ்வொப்புமைக்கு எல்லை உண்டு. புதினத்தில் உரிமம் உயிர்ப்பறிப்பையே அனுமதிக்கிறது. ஆலை உரிமம் உயிர்காக்கும் நோக்குடன் இடரைக் கட்டுப்படுத்துகிறது. இரண்டையும் ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. ஆனால் இரண்டு ஒழுங்குகளும் ஒரே வினாவை எழுப்புகின்றன: விதியில் கையொப்பமிடுபவர் யார், விதி மீறப்படும்போது விலை கொடுப்பவர் யார்? புதினத்தில் உடன்படிக்கை செய்துகொண்டோர் ஒளியோரும் இருளோரும். அதன் விலையைச் செலுத்தும் மனிதரோ அப்படி ஓர் உடன்படிக்கை இருப்பதையே அறியாதவர். பட்டாசு வட்டாரத்தில் உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். உள்குத்தகையால் ஆலையை நடத்துபவர் வேறொருவராக இருப்பதும் உண்டு. அறையில் அமர்ந்து மருந்து செலுத்துபவர் மூன்றாமவர். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5இல் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12இல் நிகழ்ந்த விபத்தில் 20 பேர் அளவில் மாண்டனர். இத்தகைய விபத்துகளுக்குப் பின் ஆள் வரம்பு, மருந்து வரம்பு, உள்குத்தகை ஆகியவை பற்றிய கேள்விகள் மீண்டும் மீண்டும் எழுகின்றன.

இவ்வனுபவத்துடன் 'இரவுக் காவல்' புதினத்தைப் படிப்பவர், கோஸ்த்யாவின் குடும்பத்தையும் அந்தோனின் கூச்சத்தையும் உடனே அடையாளம் காண்பர். விதி நன்று, விதியை வகுத்தோரும் தீயவரல்லர், ஆயினும் விதியின் நடுவே உயிர் போகிறது எனும் நிலையை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவை அவர்க்கில்லை. அதே வாசகர் பன்னாட்டுத் திரைப்படியைக் கண்டால் பெறுவது போரும் தந்தை–மகன் பகையுமே. எளிதில் புரியாது எனக் கருதிப் பின்னுக்குத் தள்ளப்பட்ட பகுதியே அவர்க்கு மிக நன்றாகப் புரிந்திருக்கக் கூடிய பகுதி. 'அயல்நாட்டார்' எனும் பொதுப்பெயருக்குள் மறைந்திருக்கும் கற்பிதம் இங்கு வெளிப்படுகிறது.

7. சிவகாசியின் வழியும் 'பொன்னியின் செல்வன்' வழியும்

அயல்நாட்டு மிகுபுனைவைப் பிறிதொரு மக்களிடம் சேர்ப்பதில் இதே வட்டாரத்திற்கு ஒரு மரபு உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸ், பிரித்தானியச் சித்திரக்கதையை 'இரும்புக்கை மாயாவி' எனத் தமிழாக்கியது. மின்சாரம் பாய்ந்ததும் உருவம் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அத்தலைவனின் பெயருக்குத் தமிழ் அடைமொழி சூட்டப்பட்டது. அவன் உலவும் அயல்நகரங்கள் மாற்றப்படவில்லை. சத்கோவின் நோவ்கொரத்தை அழித்த அமெரிக்கத் திருத்தத்திற்கு இது நேர்மாறானது. தீப்பெட்டி, பட்டாசு ஆகியவற்றின் ஒட்டுத்தாள்களை அச்சிட்ட ஊர், தன் வாசகர் அயல்நிலத்திற்குச் சென்று வர வல்லவர் என நம்பியது. அந்நம்பிக்கை பொய்க்கவில்லை என்பதை அக்கதைகளுக்கு இன்றும் தொடரும் வாசகர் கூட்டம் காட்டுகிறது.

தமிழ்த் திரையுலகம் அண்மையில் மேற்கொண்ட முயற்சி, 'இரவுக் காவல்' படத்தின் வழியோடு ஒப்பிடத்தக்கது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' மிகுபுனைவன்று, வரலாற்றுப் புனைவு. எனினும் மணிரத்னம் இயக்கத்தில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் தமிழுடன் பிற இந்திய மொழிகளிலும் வெளிவந்த அதன் திரைவடிவம், ஊரறியாப் பார்வையாளரை மனத்திற்கொண்டது. புதினம் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. நிலமும் பொழுதும் முதற்பக்கத்திலேயே நிறுவப்படுகின்றன. திரைப்படம் விளக்கக் குரலோடும் இராட்டிரகூடருடனான போரோடும் தொடங்குகிறது. நகரும் படிக்கட்டு நின்ற இடத்தில் பாலத்துப் போர் வந்ததும், ஏரிக்கரை நின்ற இடத்தில் படையெடுப்பு வந்ததும் ஒரே முடிவின் இரு வடிவங்கள். அயலார் முதலில் போரையே புரிந்துகொள்வர், ஊரைப் பின்னரே புரிந்துகொள்வர் என்பதே அம்முடிவு. தமிழ்ப் புதினங்கள் இனிப் பிறமொழித் திரைகளுக்குச் செல்லும் வாய்ப்பு மிகுந்துவரும் காலத்தில், இம்முடிவு கேள்விக்குட்படுத்தப்பட வேண்டும்.

8. முடிவுரை

'இரவுக் காவல்' புதினம் அயல்நாட்டுத் திரைக்குச் சென்றபோது அதன் கருப்பொருள் காட்சியழகாக நிலைத்தது. முதற்பொருள் தொடக்கத்திலேயே பின்தள்ளப்பட்டது. உரிப்பொருள் அமைப்பின் அறச்சிக்கலிலிருந்து குடும்பத் துயரத்திற்கு மாறியது. இவற்றுள் உரிப்பொருள் மாற்றம் ரஷ்யப் படியிலேயே தோன்றி, பன்னாட்டுப் படியின் விரைவால் உறுதிப்பட்டது. அசையும் துணையுரை எனும் புதுமை அப்படிக்குக் கலைமதிப்பைத் தந்தது. புதினத்தின் சட்ட ஒழுங்கை மீட்டுத்தர அதனால் இயலவில்லை.

மிகுபுனைவில் மாயம் எளிதாகக் கடல் கடக்கிறது. மாயத்தை ஆளும் விதியே கடக்கத் தயங்குகிறது. அவ்விதி எந்நாட்டாருக்கும் புரியாது எனும் கணிப்பு, பார்வையாளரை ஒற்றை முகமுடையோராகக் கருதுவதால் எழுகிறது. ஆள் வரம்பும் மருந்து வரம்பும் அறிந்த ஊர்களில் அவ்விதிக்கு வாசகர் இருக்கின்றனர். எனவே இப்புதினத்தைத் தமிழில் கற்பிக்கவோ மொழிபெயர்க்கவோ முனைவோர், திரைப்படி தரும் போர்க்கதையை வழிகாட்டியாகக் கொள்ளாது, உடன்படிக்கை, உரிமம், பதிவு, படிநிலை ஆகிய சொற்களுக்குரிய எடையைத் தமிழில் முதலில் நிறுவுதல் வேண்டும். அச்சொற்களுக்கான தமிழ் வழக்கு நூலகத்தில் மட்டுமன்றி, பட்டாசு வட்டாரத்தின் தொழிற்பேச்சிலும் கிடைக்கிறது.